டீ ட்ரீ ஆயிலைப் பருவில் நேராக வைக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறாள். ஒரு வருடமாக நெற்றியிலும் கன்னத்திலும் பரு. பழைய பரு விட்டுப்போன கறுப்புப் புள்ளிகளும் நிறைய. தோழி சொன்னாள் என்று ஒரு டீ ட்ரீ ஆயில் பாட்டிலும் டீ ட்ரீ ஃபேஸ் வாஷும் வாங்கி வந்திருக்கிறாள். எண்ணெயைப் பஞ்சில் தொட்டு நேராகப் பருவில் வைக்கலாமா? தேங்காய் எண்ணெயில் கலந்து தடவலாமா? எத்தனை நாளில் புள்ளி போகும்?

பதில்:

முதலில் அவசரமான விஷயம். பாட்டிலில் இருக்கும் எண்ணெயை அப்படியே முகத்தில் வைக்க வேண்டாம். இன்று ராத்திரி வைக்கலாம் என்று அவள் நினைத்திருந்தால் நிறுத்திவிடுங்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம்.

நான் மருந்தாளுநர். 22 வருடமாக மருந்துக்கடையில்தான் என் பொழுது போகிறது. போன வருடம் மாசி மாதம், கல்லூரிப் பெண் ஒருத்தி துப்பட்டாவால் பாதி முகத்தை மூடிக்கொண்டு வந்தாள். "அக்கா, இதுக்கு ஏதாவது ஆயின்மென்ட் கொடுங்க" என்று துணியை விலக்கினாள். இடது கன்னத்தில் ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குத் தோல் சிவந்து, ஓரமெல்லாம் உரிந்து, நடுவில் பொருக்குத் தட்டியிருந்தது. உள்ளே இருந்தது மூன்றே மூன்று சின்னப் பரு. நாலு நாள் ராத்திரி டீ ட்ரீ ஆயிலைப் பஞ்சில் நனைத்து அதன்மேல் ஒற்றி, அப்படியே தூங்கியிருக்கிறாள். பையில் இருந்த பாட்டிலை எடுத்துக் காட்டினாள். ஜன்னல் ஓரத்தில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்த பாட்டில். ரப்பர் குமிழ் பிசுபிசுவென்று இளகிப்போயிருந்தது. மூடியைத் திறந்தால் டீ ட்ரீக்கு உரிய பச்சை வாசனை இல்லை, டர்பன்டைன் போல ஒரு காரம் மூக்கில் ஏறியது. அவளை ஸ்கின் டாக்டரிடம் அனுப்பினேன். புண் பத்து நாளில் ஆறிவிட்டது. ஆனால் அந்த இடத்தில் விழுந்த கறுப்புத் திட்டு மறைய ஆறு மாதத்துக்கு மேல் ஆனது. பருவை அப்படியே விட்டிருந்தால்கூட அவ்வளவு பெரிய அடையாளம் விழுந்திருக்காது.

உங்கள் மகளுக்கும் கறுப்புப் புள்ளிதான் கவலை என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் இதைச் சொல்கிறேன். நம்முடைய மாநிறத் தோலுக்கும் கறுத்த தோலுக்கும் ஒரு குணம் உண்டு. எங்கே எரிச்சல் உண்டானாலும், அது பருவால் வந்தாலும் சரி, கிள்ளியதால் வந்தாலும் சரி, மருந்தால் வந்தாலும் சரி, அந்த இடத்தில் நிறமியைக் கூடுதலாகச் சுரந்துவிடும். வெள்ளைத் தோலில் சிவப்பாக வந்து போகிற எரிச்சல் நம் தோலில் கறுப்பாக மாதக்கணக்கில் நிற்கும். எனவே நமக்கு 'கொஞ்சம் எரிந்தால் பரவாயில்லை, வேலை செய்கிறது என்று அர்த்தம்' என்ற பேச்சே ஆகாது. எரிந்தால் அந்த மருந்து உங்களுக்கு அதிகம், அவ்வளவுதான்.

சரி, அந்த எண்ணெயில் உண்மையிலேயே சரக்கு இருக்கிறதா? இருக்கிறது. இதைக் காளான் போல முளைத்த விளம்பரச் சரக்கு என்று ஒதுக்கிவிட முடியாது.

பெயரைக் கேட்டுத் தேயிலை எண்ணெய் என்று பலர் நினைக்கிறார்கள். சில விற்பனைப் பக்கங்களிலும் 'தேயிலை மர எண்ணெய்' என்றே போட்டிருக்கிறார்கள். நாம் குடிக்கும் தேயிலைக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. இது மெலலூக்கா ஆல்டர்னிஃபோலியா என்ற ஆஸ்திரேலிய மரத்தின் இலையிலிருந்து நீராவியில் வடித்து எடுக்கும் தைலம். கொய்யா, நாவல், கிராம்பு, யூகலிப்டஸ் எல்லாம் எந்தக் குடும்பமோ அதே குடும்பம். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடகிழக்கு மூலையில், லிஸ்மோர் பக்கத்து ஆற்றோரச் சதுப்பு நிலங்கள்தான் இதன் சொந்த ஊர். அந்த மண்ணின் பண்ட்ஜாலங் பழங்குடி மக்கள் இலையைக் கசக்கிப் புண்ணில் வைத்துக் கட்டினார்கள், சளிக்கு அதன் வாசனையை முகர்ந்தார்கள். 1920களில் சிட்னியில் ஆர்தர் பென்ஃபோல்டு என்ற வேதியியலாளர் இந்தத் தைலத்தைச் சோதித்து, கிருமியைக் கொல்வதில் இது கார்பாலிக் அமிலத்தைவிட 11 மடங்கு வீரியம் உள்ளது என்று எழுதினார். அந்தக் காலத்தில் கார்பாலிக் அமிலம்தான் கிருமிநாசினிகளுக்கெல்லாம் அளவுகோல். பிறகு ஆன்டிபயாடிக் மருந்துகள் வந்ததும் இதை மறந்துபோனார்கள். 1970, 80களில்தான் தோட்டமாகப் பயிரிட்டு மறுபடி சந்தைக்குக் கொண்டுவந்தார்கள்.

இந்தத் தைலத்தில் நூறு வகைக்குக் குறையாத பொருட்கள் கலந்திருக்கின்றன. அதில் வேலை செய்யும் முக்கியமான ஆள் டெர்பினென்-4-ஆல். இது கிருமியின் மேலுறையைக் குலைத்து, உள்ளே இருப்பதைக் கசிய வைக்கிறது. அதோடு வீக்கத்தையும் சிவப்பையும் ஓரளவு தணிக்கிறது. பருவுக்கு இந்த இரண்டாவது வேலைதான் பெரிது என்பது என் எண்ணம். ஏனென்றால் பரு என்பது வெறும் கிருமித் தொற்று இல்லை. மயிர்க்காலை ஒட்டிய எண்ணெய்ச் சுரப்பி அளவுக்கு மீறிச் சுரக்கிறது. துளையின் வாயில் செத்த தோல் சேர்ந்து அடைக்கிறது. அடைபட்ட எண்ணெயில் கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற கிருமி பெருகுகிறது. உடம்பு அதை எதிர்க்கப் போய் சிவப்பும் சீழும் உண்டாகின்றன. இந்த நாலில் கடைசி இரண்டில்தான் டீ ட்ரீக்கு நல்ல பிடி இருக்கிறது. அடைப்பை எடுப்பதிலும் சுரப்பைக் குறைப்பதிலும் அதை நம்ப முடியாது. அதனால் சிவந்து, நுனியில் சீழ் வைத்த சின்னப் பருவில் பலன் தெரியும். மூக்கின் மேல் இருக்கும் கரும்முள் (பிளாக்ஹெட்), தோல் நிறத்திலேயே மொறமொறவென்று தட்டுப்படும் பொரி இவற்றில் பெரிதாகத் தெரியாது.

ஆராய்ச்சிகளும் ஏறக்குறைய இதையே காட்டுகின்றன. 1990இல் ஆஸ்திரேலியாவில் பரு உள்ள 124 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு 5 சதவீத டீ ட்ரீ ஜெல்லும், மற்ற கூட்டத்துக்கு பருவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் பூச்சு மருந்தான பென்சாயில் பெராக்சைடை 5 சதவீத அளவிலும் கொடுத்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் பரு குறைந்தது. பென்சாயில் பெராக்சைடு சீக்கிரம் கேட்டது, டீ ட்ரீ மெதுவாகக் கேட்டது. ஆனால் தோல் வறட்சி, எரிச்சல் போன்ற தொந்தரவு பென்சாயில் பெராக்சைடு போட்டவர்களில் 79 சதவீதம் பேருக்கு வந்தது, டீ ட்ரீ போட்டவர்களில் 44 சதவீதம் பேருக்குத்தான். ஈரானில் நடத்தி, 2007இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில் 60 பேர், 45 நாள். அதிலும் 5 சதவீத ஜெல்தான். தினமும் இரண்டு வேளை தடவி, 20 நிமிடம் விட்டு, கழுவிவிடச் சொன்னார்கள். மருந்தில்லாத வெறும் ஜெல்லைத் தடவியவர்களைவிட நன்றாகவே குறைந்தது.

இந்த இரண்டிலும் ஒரே எண் வருவதைக் கவனித்திருப்பீர்கள். 5 சதவீதம். உங்கள் மகளின் பாட்டிலில் இருப்பது 100 சதவீதம். அதாவது ஆராய்ச்சியில் பலன் காட்டியதைப்போல 20 மடங்கு. 'ப்யூர், நேச்சுரல்' என்று அட்டையில் பெரிதாக அச்சடித்திருப்பதால் அது முகத்துக்கு இதமானது என்று ஆகாது. எருக்கம்பாலும் இயற்கைதான், அதைக் கண்ணில் விடுவோமா?

44 சதவீதம் என்பதையும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 5 சதவீதத்துக்கு நீர்த்த பிறகும் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்களுக்கு ஏதோ ஒரு தொந்தரவு இருந்திருக்கிறது. அது லேசானதுதான், ஆனாலும் நம் தோலின் கறுக்கும் குணத்தை நினைத்துக்கொண்டு, நான் எப்போதும் குறைந்த அளவில் தொடங்கச் சொல்வேன்.

இப்போது தேங்காய் எண்ணெய்க்கு வருகிறேன். நம் வீட்டில் எதற்கும் முதலில் கை போவது அந்தப் பாட்டிலுக்குத்தான். தலைக்கு அது நல்லது, வறண்ட கை காலுக்கும் நல்லது. பரு வரும் முகத்துக்கு வேண்டாம். துளையை அடைக்கும் எண்ணெய்களில் அதுவும் ஒன்று. ஒரு பக்கம் பருவுக்கு மருந்தைப் போட்டு, மறு பக்கம் துளையை அடைத்தால் என்ன ஆகும்? அதோடு இன்னொன்று. மகளுக்கு நெற்றியில் பரு என்கிறீர்கள். பள்ளிக்குப் போகும் முன் நெற்றி ஓரம் வழிய எண்ணெய் வைத்து, இறுக்கிச் சடை பின்னுகிறாளா? நெற்றிப் பருவோடு வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். தலையெண்ணெய் வழிந்து வரும் பருவுக்கு மருத்துவத்தில் தனிப் பெயரே உண்டு. வாரத்தில் இரண்டு நாள் ராத்திரி எண்ணெய் வைத்து மறுநாள் காலையில் அலசிவிடட்டும். தலையணை உறையை நாலு நாளைக்கு ஒரு தடவை மாற்றுங்கள். இதிலேயே நெற்றி பாதி தெளிந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

டீ ட்ரீயை எதில்தான் கலப்பது? கலக்காமல் இருப்பதே நல்லது. 5 சதவீதம் என்று அளவு போட்ட ஜெல் கிடைத்தால் அதை வாங்கிவிடுங்கள். வீட்டில் கலந்துதான் ஆக வேண்டும் என்றால் ஹொஹோபா எண்ணெய் அல்லது ஸ்குவாலேன் ஏற்றது. இரண்டும் துளையை அவ்வளவாக அடைக்காது. ஒரு டீஸ்பூன் என்பது 5 மில்லி, சொட்டுக் கணக்கில் ஏறத்தாழ 100 சொட்டு. அதில் டீ ட்ரீ 2 சொட்டு விட்டால் 2 சதவீதம், 5 சொட்டு விட்டால் 5 சதவீதம். சொட்டின் அளவு பாட்டிலுக்குப் பாட்டில் கொஞ்சம் மாறும், அதனால் முதல் இரண்டு வாரம் 2 சொட்டோடு நிறுத்துங்கள். கற்றாழை ஜெல்லில் கலப்பது பலரும் சொல்லும் வழி. அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஜெல் என்பது பெரும்பாலும் தண்ணீர், எண்ணெய் அதில் கரையாது. கலக்கிய மாதிரி தெரிந்தாலும் அங்கங்கே நீர்க்காத எண்ணெய்த் துளி நிற்கும். அந்தத் துளி படும் இடத்தில் முகம் எரியும். தண்ணீரிலோ பன்னீரிலோ சொட்டு விட்டுக் குலுக்கித் தெளிப்பதும் இதே தப்புதான்.

முகத்தில் வைக்கும் முன் ஒரு வாரம் பொறுக்கச் சொல்லுங்கள். கலந்த எண்ணெயை முழங்கை மடிப்பின் உள்பக்கம் ஒரு ரூபாய் அகலத்துக்குக் காலையும் மாலையும் ஏழு நாள் தடவட்டும். ஒரே நாளில் 'ஒன்றும் ஆகவில்லையே' என்று முகத்துக்குப் போய்விடக் கூடாது. எரிச்சல் உடனே தெரியும், ஒவ்வாமை அப்படி இல்லை. அது சில நாள் கழித்துத்தான் தலைகாட்டும். அரிப்பு, சிவப்பு, சின்னச் சின்ன நீர்க்கொப்புளம் ஏதாவது வந்தால் டீ ட்ரீ அவளுக்கு ஆகாது. ஒருமுறை ஒவ்வாமை பிடித்துவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க இருக்கும். அதற்குப் பிறகு ஷாம்பு, சோப்பு, பற்பசை எதில் டீ ட்ரீ இருந்தாலும் தவிர்க்க வேண்டியிருக்கும்.

ஒவ்வாமையைப் பற்றிப் பேசும்போது அந்த ஜன்னலோரப் பாட்டிலுக்குத் திரும்ப வேண்டும். புதிதாகத் திறந்த டீ ட்ரீ எண்ணெய் ஒவ்வாமையைக் கொஞ்சமாகத்தான் தூண்டும். காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டுப் பழசானால் அதிலுள்ள பொருட்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து பெராக்சைடு, அஸ்கரிடோல் போன்றவையாக மாறுகின்றன. தோலை வெகுவாகச் சீண்டுபவை இவைதான். நம் ஊர் வெயிலுக்கு இது வேகமாக நடக்கும். அதனால் வாங்குவது 10 மில்லி பாட்டிலாக இருக்கட்டும், 50 மில்லி மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்க வேண்டாம். அடர்பழுப்பு நிறக் கண்ணாடிப் பாட்டில் வேண்டும். பிளாஸ்டிக்கில் வந்தால் ஒதுக்கிவிடுங்கள், இந்த எண்ணெய் சிலவகைப் பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் இளக்கிவிடும். மூடியை உடனுக்குடன் இறுக்கி மூடி, அலமாரியில் இருட்டான இடத்தில் வையுங்கள். ஃப்ரிட்ஜிலும் வைக்கலாம், ஆனால் சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது. திறந்து ஆறு மாதம் ஆகிவிட்டால் முகத்துக்கு வேண்டாம். மிச்சத்தைத் தரை துடைக்கும் வாளியில் ஊற்றிவிடுங்கள்.

வீட்டில் பூனை, நாய் இருந்தால் தரைக்கும் வேண்டாம், அவற்றுக்கு இது விஷம். மனிதருக்கும் உள்ளே போகக் கூடாது. 10 மில்லிக்கும் குறைவாகக் குடித்த குழந்தைகள் தள்ளாடி, மயங்கி, ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. வாய் கொப்பளிக்க, ஆவி பிடிக்க என்றெல்லாம் வரும் குறிப்புகளைப் பின்பற்ற வேண்டாம்.

எதை வாங்குவது என்பதிலும் கொஞ்சம் சூதானம் வேண்டும். சர்வதேசத் தர நிர்ணயம் ஒன்று இருக்கிறது, ஐஎஸ்ஓ 4730. இப்போதைய அளவுப்படி டெர்பினென்-4-ஆல் குறைந்தது 35 சதவீதம் இருக்க வேண்டும், சினியோல் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. சினியோல் எது என்று கேட்டால், ஊட்டியில் விற்கும் நீலகிரித் தைலத்தின் வாசனையை நினைத்துக்கொள்ளுங்கள், அதுதான். டீ ட்ரீ என்று எழுதிய பாட்டிலைத் திறந்ததும் நீலகிரித் தைலம் போலவே மண்டைக்குள் ஏறினால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். நல்ல டீ ட்ரீயில் ஜாதிக்காயையும் ஈரப் பச்சிலையையும் சேர்த்துக் கசக்கினாற்போல ஒரு மணம் இருக்கும். லேபிளில் தாவரத்தின் முழுப் பெயரும், எடுத்த நாடும், தயாரித்த தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். 'ஃப்ராக்ரன்ஸ் ஆயில்' என்று இருந்தால் அது ஊதுபத்திக்கும் விளக்குக்கும் உரியது, தோலுக்கு இல்லை.

ஃபேஸ் வாஷ், க்ரீம் வாங்கும்போது பின்பக்கத்துப் பொருள் பட்டியலைப் படியுங்கள். அதிகம் இருப்பதில் தொடங்கி குறைவாக இருப்பது வரை வரிசையாகப் போட வேண்டும், 1 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றை எந்த வரிசையிலும் போட்டுக்கொள்ளலாம் என்பதுதான் நம் நாட்டு விதி. பட்டியலில் ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற கெடாமல் காக்கும் பொருள் அடிக்கடி வரும். அதை வழக்கமாக 1 சதவீதத்துக்கு மேல் சேர்ப்பதில்லை. ஆகவே அந்தப் பெயருக்குப் பின்னால் மெலலூக்கா ஆல்டர்னிஃபோலியா லீஃப் ஆயில் என்று வந்தால், டீ ட்ரீ அதில் 1 சதவீதத்துக்கு மேல் இருக்க வாய்ப்பில்லை. முன்பக்கம் இலைப் படம் எவ்வளவு பெரிதாகப் போட்டிருந்தாலும் சரி. கடையில் நின்றபடியே அரை நிமிடத்தில் பார்த்துவிடலாம், மகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

அவள் வாங்கிய ஃபேஸ் வாஷை வீணாக்க வேண்டாம். முகம் கழுவ அது போதும். ஆனால் அரை நிமிடத்தில் வழிந்து ஓடிவிடும் நுரையில் இருக்கும் டீ ட்ரீ பருவைக் குறைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆய்வுகளில் பலன் வந்தது தோலில் தங்கவிட்ட ஜெல்லுக்கு. இன்னொன்று, ஃபேஸ் வாஷ் நாளைக்கு இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். முகத்தில் எண்ணெய் வழிகிறது என்று ஐந்து தடவை கழுவும் பிள்ளைகளுக்குத் தோல் காய்ந்து, இன்னும் எரிச்சல்தான் கூடும்.

தடவும் முறை இதுதான். ராத்திரி முகத்தைக் கழுவி, துடைத்து, பத்து நிமிடம் உலரவிட வேண்டும். ஈரத்தோல் மருந்தைக் கூடுதலாக உறிஞ்சும், எரியும். பட்ஸ் நுனியில் கலவையைத் தொட்டு, சிவந்த பருவின் மேலும் அதைச் சுற்றிக் கொஞ்சமும் வைத்தால் போதும். கண்ணைச் சுற்றி, மூக்குத்துவாரம், உதட்டோரம் வேண்டாம். முதல் வாரம் 20 நிமிடத்தில் கழுவிவிட்டு, வாசனையில்லாத லேசான மாய்ஸ்சரைசர் போடட்டும். ஒன்றும் ஆகவில்லை என்றால் அடுத்த வாரத்திலிருந்து இரண்டு வேளை. ராத்திரி முழுக்க விட்டே ஆக வேண்டும் என்பதில்லை, ஈரானிய ஆய்வில் 20 நிமிடத்திலேயே பலன் கிடைத்தது. ஒரே ராத்திரியில் டீ ட்ரீயும் அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு, சாலிசிலிக் அமிலம் போன்ற மற்றப் பரு மருந்துகளும் சேர்ந்து முகத்தில் இருக்கக் கூடாது. ஒவ்வொன்றும் தனியாக உலர்த்தும், சேர்ந்தால் தோல் தாங்காது. எலுமிச்சைச் சாறு, பேக்கிங் சோடா, பற்பசை இவற்றைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். மூன்றும் முகத்துக்கு ஆகாது.

எத்தனை நாள் என்று கேட்டிருந்தீர்கள். ஒரு தனிப் பருவின் சிவப்பு சில நாளில் தணியலாம். மொத்தத்தில் பரு குறைந்திருக்கிறதா என்று சொல்ல ஆறிலிருந்து எட்டு வாரம் வேண்டும், முழுதாகத் தெரிய மூன்று மாதம். தொடங்கும் நாள் அன்று ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், மாதம் ஒருமுறை அதே இடத்தில் அதே நேரத்தில். தினம் கண்ணாடி பார்க்கும் பிள்ளைக்கு மாற்றம் தெரியாது, பத்தாவது நாளே சலித்துப்போய் வேறொன்றுக்குத் தாவிவிடுவாள்.

புள்ளிகளைப் பற்றி. இங்கே உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். பரு விட்டுப்போன கறுப்புக்கு டீ ட்ரீ வேலை செய்யாது. அதற்கு முதல் மருந்து சன்ஸ்க்ரீன். எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல், 'நான் காமெடோஜெனிக்' (துளையை அடைக்காதது) என்று போட்டதாகப் பார்த்து, பள்ளிக்குப் போகும் முன் தடவட்டும். வெயில் பட்டால் அந்தக் கறுப்பு மங்காது, இன்னும் ஆழமாகும். அதோடு நியாசினமைடு (பி3 வைட்டமினின் ஒரு வகை) 4 அல்லது 5 சதவீதம் உள்ள பூச்சையும் சேர்த்துக்கொள்ளலாம். இன்னும் கொஞ்சம் வலுவாக வேண்டுமென்றால் அசிலாயிக் அமிலம் இருக்கிறது. அது பருவுக்கும் கேட்கும், கறுப்புக்கும் கேட்கும், டாக்டரிடம் கேட்டுத் தொடங்குங்கள். உங்கள் மகளைப் போல இரண்டும் சேர்ந்து இருப்பவர்களுக்கு டீ ட்ரீயைவிட அதுதான் பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. பள்ளமாக விழுந்த வடு வேறு கதை, அதற்குப் பூச்சு மருந்து எதுவும் போதாது.

முகத்தில் இருப்பது எல்லாம் பருதானா என்பதையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். வெளிறிய திட்டாக, லேசாகத் தவிடு போல உதிர்ந்தால் அது தேமலாக இருக்கலாம். இரண்டு கன்னத்திலும் ஒரே மாதிரி படர்ந்த பழுப்பு என்றால் மங்கு. நெற்றியில் ஒரே அளவில் கடுகு போல நிறையப் பொரி, அதுவும் வியர்த்தால் அரிக்கிறது என்றால் பூஞ்சையால் வருவது. இவற்றுக்கு மருந்தே வேறு. எண்ணெய்களைத் தடவினால் அந்தப் பூஞ்சைப் பொரி கூடவும் செய்யும்.

இன்னொரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பருவுக்கும் கறுப்புக்கும் 'நாலே நாளில் வெளுக்கும்' என்று அக்கம்பக்கத்தில் சொல்லும் சின்ன டியூப் க்ரீம்களில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து அது, ஆனாலும் பெயரைச் சொல்லிக் கேட்டு வாரத்துக்கு நாலு பேராவது என் கடைக்கு வருகிறார்கள். முதலில் முகம் பளிச்சென்று ஆகும். சில மாதத்தில் தோல் மெலிந்து, ரத்த நரம்பு தெரிந்து, முன்னைவிட மோசமாகப் பரு வெடிக்கும். நிறுத்தினால் முகமே கனல் போல எரியும். உங்கள் மகள் அப்படி ஏதாவது ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால், டீ ட்ரீ வேண்டாம், சட்டென்று தானாக நிறுத்தவும் வேண்டாம், நேராக ஸ்கின் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

டாக்டரிடம் போக வேண்டிய வேறு சில நிலைமைகளும் இருக்கின்றன. தொட்டால் வலிக்கும், கொட்டைப்பாக்கு போல உள்ளே திரளும் கட்டிப்பரு. பள்ளம் விழத் தொடங்கிய முகம். தாடையிலும் கழுத்திலும் பரு வந்து, மாதவிலக்கும் தள்ளித் தள்ளிப் போனால் சினைப்பை நீர்க்கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த மூன்றில் எது இருந்தாலும் டீ ட்ரீயோடு மூன்று மாதம் கழிப்பது தப்பு. அந்த மூன்று மாதத்தில் விழும் வடு போகாது. பிள்ளை கண்ணாடி முன் நிற்கவே தயங்குகிறாள், கல்யாண வீட்டுக்கு வர மறுக்கிறாள் என்றாலும் காத்திருக்க வேண்டாம். 'வயசுக் கோளாறு, கல்யாணமானால் போய்விடும்' என்று சொல்லிப் பல வருடம் தள்ளிப்போட்ட தாய்மார்களை நிறையப் பார்த்துவிட்டேன். அந்தப் பிள்ளைகளின் முகத்தில் இருந்த கூச்சத்தையும் பார்த்தேன்.

கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் இதைப் படித்தால், டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. உங்கள் மகள் வாங்கி வந்த பாட்டிலை நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். நிறமில்லாமல், அல்லது மிக வெளிறிய மஞ்சளாக இருக்கிறதா, தேதி இந்த வருடத்தியதா, நான் சொன்ன மணம் வருகிறதா? மூன்றும் சரி என்றால் இன்றைய தேதியை ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டி, முழங்கைச் சோதனையைத் தொடங்கச் சொல்லுங்கள். அந்த ஏழு நாளும் முகத்துக்கு ஃபேஸ் வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்க்ரீன் போதும்.